கொல்லிமலையும் காவிரிச் சமவெளியும்: ஈவ்லின் பிராண்ட் அம்மையாரின் பணி நம்மிடம் எழுப்பும் வினாக்கள்

ஆடி மாதம் பதினெட்டாம் நாளன்று ஜேடர்பாளையம் அணைக்கட்டில் மக்கள் பெருந்திரளாய்க் கூடுவர். சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் பெண்கள் குடும்பம் குடும்பமாக வந்து காவிரியில் நீராடுகின்றனர். முளைப்பாரியை ஆற்றில் விடுகின்றனர். மணமான மகளிர் புதிய மஞ்சள் கயிறு அணிந்துகொள்கின்றனர். காவிரியைப் பெண்ணாகவும் தாயாகவும் போற்றும் நாள் அது. அவ்விடத்திலிருந்து பிரியும் இராஜ வாய்க்கால், அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்தது என்று இவ்வட்டாரத்தார் நன்றியோடு நினைவுகூர்வர். பரமத்தி வேலூர்ப் பகுதியின் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்பும் அந்நீரால் செழிக்கின்றன. அதே ஆடிப் பெருக்கையொட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கப்படுகிறது. ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஆற்றங்கரையில் தாய்மைக்கு வணக்கம். மலையுச்சியில் கொடைக்கு வணக்கம். இவ்வாறு பெண்மையையும் ஈகையையும் ஒருசேரப் போற்றும் மண் இது.

ஆயினும் இம்மண்ணின் அண்மைக்கால வரலாற்றில் வேறொரு பக்கமும் உண்டு. பிறந்த பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைத்துவிடுமாறு பெற்றோரை வேண்டிக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம், 1992ஆம் ஆண்டு தமிழகத்தில் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1997 ஜனவரியிலேயே அது தனி மாவட்டமாயிற்று. 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சேலத்தில் 851 பெண் குழந்தைகளே இருந்தனர், நாமக்கல்லில் 889. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரு மாவட்டங்களிலும் இவ்வெண் தொள்ளாயிரத்தைக் கடந்தது. நிலைமை சற்றுத் தேறியது உண்மை. எனினும் இவ்வெண்களுக்குப் பின்னால் பெயரிடப்படாமலே மறைந்த குழந்தைகள் இருக்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தாயென்று ஆற்றை வணங்கும் கரையில் மகள் எவ்வாறு சுமையானாள்? இவ்வினாவுக்குப் பொருளியலாரும் சமூகவியலாரும் தத்தம் துறையிலிருந்து விடை கூறியுள்ளனர். திருச்சபை வரலாற்று மாணவர்களாகிய நாமும் இவ்வினாவோடு நம் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது தகும். அதற்கு நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. காவிரிக் கரையிலிருந்து நாமக்கல்லைக் கடந்து சென்றால் சேந்தமங்கலம். அதற்கு மேல் கொல்லிமலை. அம்மலையில் வாழ்ந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட ஈவ்லின் பிராண்ட் அம்மையாரின் வாழ்வை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1. பரிசமும் வரதட்சணையும்

முதலில் சமவெளியின் கதையைச் சுருக்கமாகக் காண்போம். தமிழகத்தின் பல சமூகங்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசம் கொடுத்துப் பெண்ணை அழைத்துச் செல்வதே பழைய வழக்கம். பரிசமும் ஒருவகை விலையே என்று குறை கூறலாம். அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் பெண்ணின் உழைப்புக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதையும், மகளை இழக்கும் வீட்டுக்கு ஈடு செய்ய வேண்டும் என்பதையும் அவ்வழக்கம் ஒப்புக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் இம்முறை படிப்படியாகத் தலைகீழாயிற்று. நிலமும் படிப்பும் அரசு வேலையும் ஆணின் விலையை உயர்த்தின. பெண் வயலிலிருந்து வீட்டுக்குள் சென்றமை கௌரவமாகக் கருதப்பட்டது. உழைக்காதவள் என்ற பெயர் பெற்றவளுக்கு அவளுடைய பெற்றோரே விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. 1984லும் 1986லும் கடுமையாக்கப்பட்டது. சட்டம் கடுமையாக ஆக, கேட்கப்படும் பொருள்களின் பட்டியலும் நீண்டது. தங்கத்தோடு இருசக்கர வண்டி, பின்னர்க் கார், வீட்டுச் சாமான்கள் முழுவதும் என்று சந்தையில் புதிதாக வருவனவெல்லாம் மணப்பந்தலுக்கும் வந்து சேர்ந்தன. நுகர்வுப் பண்பாடு நம் வீடுகளுக்குள் நுழைந்த வாயில்களுள் திருமணம் முதன்மையானது எனலாம். வறுமையே பெண் சிசுக் கொலைக்குக் காரணம் என்று பலர் எண்ணுவர். ஆனால் பாசன வசதியும் பணப்பயிரும் தொழிலும் பெருகிய பகுதிகளிலும் இக்கொடுமை நிகழ்ந்தது. எல்லாவற்றுக்கும் விலை குறிக்கப் பழகிய சமுதாயம் மகளுக்கும் ஒரு விலை குறித்தது. அவளைச் செலவுக் கணக்கில் எழுதிற்று.

2. மலையேறிய மணமக்கள்

ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் 1879இல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் இலண்டனில் செல்வ வளம் மிக்க வணிகர். பெரிய குடும்பம், வசதியான இல்லம், நாகரிக உடை, ஓவியப் பயிற்சி ஆகியன அவருடைய இளமையின் சூழல். பேரரசின் தலைநகரில் உலகச் சரக்கெல்லாம் வந்து குவிந்த காலம் அது. அச்சரக்குகளின் நடுவே வளர்ந்த பெண் அவர். கொல்லிமலையில் பணியாற்ற விரும்பிய ஜெசி பிராண்ட் என்னும் இளைஞரின் உரையைத் தம் ஆலயத்தில் கேட்டமை அவர் வாழ்வைத் திருப்பிற்று. ஜெசி கட்டடத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர்; வெப்பநாட்டு நோய்களுக்கான மருத்துவத்தில் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் பணியாளராக 1907இல் இந்தியா வந்திருந்தார். பின்னர் ஈவ்லினும் அதே மிஷன் வழியாகச் சென்னைக்கு வந்தார்.

1913இல் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மணமக்கள் அன்றே மலையேறினர். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு செல்லும் சாலை அன்று இல்லை. காட்டுப் பாதை ஒன்றே வழி. வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. மணப்பெண்ணின் உடை சேறும் நீருமாய் நைந்துபோயிற்று. பின்னாளில் அம்மையார் இதனை நகைச்சுவையாகவே கூறுவாராம். மணக்கோலத்துக்குரிய அலங்காரம் மலையடிவாரத்திலேயே கழிந்த அந்நாள், அவருடைய எஞ்சிய வாழ்வின் போக்குக்குப் பொருத்தமான தொடக்கமாயிற்று.

வாழவந்தி என்னும் இடத்தில் ஜெசி கட்டிய மர வீட்டில் அவர்கள் குடியேறினர். தூண்கள் மேல் நின்ற எளிய வீடு அது. கறையான் ஏறாதிருக்கத் தூண்களின் தலையில் உலோகத் தகடு கவிழ்க்கப்பட்டிருந்தது. 1914இல் பிறந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் கரிகிரியிலும் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றவர். அவருக்குப் பின் கானி என்னும் மகளும் பிறந்தார்.

மலையாளிப் பழங்குடி மக்கள் இவர்களைத் தொடக்கத்தில் நம்பவில்லை. நம்ப வேண்டிய காரணமும் இல்லை. சமவெளியிலிருந்து மலையேறி வந்தோர் பெரும்பாலும் வரி தண்டவோ, மரம் வெட்டவோ, கடன் கொடுக்கவோ வந்தவர்கள். பிராண்ட் தம்பதியர் மருந்து கொடுத்தனர், பள்ளி வைத்தனர், தச்சுவேலை கற்பித்தனர். மக்கள் மருந்தைப் பெற்றுக்கொண்டனர். செய்தியைக் கேட்டும் கேளாமலும் போயினர். ஆண்டுகள் பல சென்றும் திருமுழுக்குப் பெற ஒருவரும் முன்வரவில்லை. பொருளைக் கொடுப்பதால் மட்டும் உறவு பிறந்துவிடாது என்பதை இவ்வாண்டுகள் அவர்களுக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

3. ஒரு கைக்குழந்தை

முதல் உலகப் போரின் முடிவில் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் 1918-19இல் கொல்லிமலையையும் எட்டியது. உற்றாரும் அஞ்சி விலகிய வேளையில் ஜெசியும் ஈவ்லினும் வீடுவீடாகக் கஞ்சி கொண்டு சென்றனர். அவர்களை முன்னின்று எதிர்த்து வந்த பூசாரி ஒருவரும் நோயுற்றார். அவரைக் காணவும் ஒருவரும் வராதபோது பிராண்ட் சென்றார். இறக்கும் தறுவாயில் அப்பூசாரி தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அக்குழந்தை ஒரு பெண். அவளுக்கு ரூத் என்று பெயரிட்டு அவர்கள் வளர்த்தனர்.

மலைத் திருச்சபையின் தொடக்கத்தை இந்நிகழ்விலிருந்தே கணக்கிடுவது வழக்கம். எதிர்த்த பூசாரியின் மனமாற்றம் என்னும் கோணத்திலேயே நாம் இதனைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் இக்கதையின் நடுவே இருப்பது ஒரு பெண் குழந்தை. தாயற்ற கைக்குழந்தையை, அதிலும் பெண்ணை, பிறர் பெற்ற பிள்ளையை, தம் வீட்டில் ஒருத்தியாக ஏற்பது அன்றைய நிலையில் சிறிய செயலன்று. அவளைப் பின்தொடர்ந்து ஆதரவற்ற வேறு குழந்தைகளும் அவ்வீட்டுக்கு வந்தனர். அவர்களைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஈவ்லின் அம்மையார் தோள்மேல் விழுந்தது.

ரூத் என்ற பெயரையும் நாம் சிந்திக்கலாம். திருமறையில் ரூத்தின் வரலாறு, பொருள் எல்லாம் இழந்த இரண்டு பெண்களின் உறவைப் பற்றியது. நகோமியிடம் மருமகளுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. அதனை அவளே வெளிப்படையாகச் சொல்லித் திரும்பிப்போகச் சொல்கிறாள். ரூத் அவளோடு நடக்கிறாள். கொடுக்கவும் வாங்கவும் ஒன்றும் இல்லாத இடத்தில் பிறந்த உறவு அது. அந்நூலின் முடிவில் ஊர்ப் பெண்கள், அம்மருமகள் ஏழு ஆண்மக்களிலும் மேலானவள் என்று நகோமிக்கு நினைவூட்டுகின்றனர். ஆண்பிள்ளையை வரவாகவும் பெண்பிள்ளையைச் செலவாகவும் எண்ணும் நம் வட்டாரத்துச் சபைகளில் இப்பகுதி எத்தனை முறை பிரசங்கிக்கப்பட்டிருக்கிறது?

4. ஓய்வுக்குப் பின் ஒரு பணி

1929 ஜூன் மாதம் ஜெசி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் இறந்து வாழவந்தியில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கு அகவை நாற்பத்து நான்கு. பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தனர். தந்தையின் மரணச் செய்தி கிடைத்த பின்னரும், கப்பல் அஞ்சலில் அவர் எழுதியிருந்த கடிதங்கள் சில நாள்கள் வந்துகொண்டிருந்தன என்று பால் பிராண்ட் பின்னாளில் எழுதியுள்ளார். அம்மையார் தாய்நாடு சென்று மீண்டும் திரும்பினார். மிஷன் அவரைப் பெரும்பாலும் சமவெளியிலேயே பணியில் அமர்த்தியது. மனம் மலையிலிருக்க, கடமை கீழே இருக்க, ஆண்டுகள் கழிந்தன.

1940களின் இறுதியில், ஏறத்தாழ எழுபது வயதில், அவர் ஓய்வு பெற வேண்டியவரானார். மலையில் இன்னும் ஒரு தவணை பணியாற்ற அவர் கேட்டபோது, வயதைக் காரணம் காட்டி மிஷன் மறுத்துவிட்டது. கடைசியாக ஓராண்டுக்கு மட்டும் இசைவு பெற்று அவர் மலைக்குச் சென்றார். ஆண்டு முடிந்து வழியனுப்பு விழாவுக்கு வந்தோரிடம், மிஷனிலிருந்து ஓய்வு பெறுவதாகவும் மலையை விட்டு இறங்கப்போவதில்லை என்றும் தெரிவித்தார். அதன்பின் சம்பளம் இல்லை, நிலையம் இல்லை, பதவி இல்லை. சிறு வருமானமும் ஒரு சிறு வீடும் ஒரு மலைக்குதிரையுமே அவருக்கு எஞ்சின. அவ்வளவில் அவர் இன்னும் கால் நூற்றாண்டு உழைத்தார். கொல்லிமலையோடு நில்லாமல் பச்சைமலை, கல்வராயன்மலை முதலிய ஐந்து மலைத்தொடர்களுக்கும் செல்வது அவருக்கும் அவர் கணவருக்கும் பழைய கனவு; அதனை முதுமையில் தனியே நிறைவேற்ற முற்பட்டார். குதிரையிலிருந்து பலமுறை விழுந்தார். கால்கள் தளர்ந்தபின் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். மக்கள் அவரைப் பாட்டி என்று அழைத்தனர்.

அவர் செய்த பணிகளுள் நரம்புச் சிலந்தி நோய்க்கு எதிரானதைச் சற்று விரிவாகக் காணலாம். நோயுற்றவர் படிக்கிணற்றில் இறங்கி நிற்கும்போது காலிலுள்ள புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். அந்நீரைக் குடிப்போர் உடலில் நோய் தொடரும். கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, யாரும் நீரில் கால் வையாமல் முகந்துகொள்ளச் செய்தால் போதும். மருந்தைவிடப் பேச்சே இதற்கு மிகுதியும் தேவை. ஊர் ஊராகச் சென்று, குடிநீர் எடுக்கும் மக்களோடு உட்கார்ந்து, மீண்டும் மீண்டும் சொல்லி ஏற்கச் செய்ய வேண்டும். அவர் அதனைச் செய்தார். அம்மலைகளில் அந்நோய் மறைவதற்கு அவருடைய உழைப்பு பெருந்துணையாயிற்று என்று அவர் மகன் பதிவு செய்துள்ளார். இந்தியா முழுவதும் அந்நோய் ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் சான்று அளித்தது 2000ஆம் ஆண்டில்தான்.

தம் இறுதி இருபது ஆண்டுகளில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. இளமையில் இலண்டனில் அழகிய உடையணிந்து ஓவியம் தீட்டிய பெண் அவர் என்பதை நினைவில் கொண்டால் இதன் பொருள் விளங்கும். இதனை உடலை வெறுக்கும் துறவு என்று நாம் கருத வேண்டியதில்லை. வண்ணங்களையும் மலைக்காட்சியையும் அவர் கடைசிவரை விரும்பினார். தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை. பார்க்க வேண்டிய முகங்கள் வெளியே இருந்தன. 1974 டிசம்பர் 18ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் வயதில் அவர் காலமானார். அவர் விரும்பியபடியே உடல் எளிய பருத்தித் துணியில் சுற்றப்பட்டு, மலைமேல் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது.

5. ஒரு மதிப்பீடு

மிஷனரி வரலாறுகளைப் புகழ்மாலையாக எழுதும் காலம் கடந்துவிட்டது. ஈவ்லின் அம்மையாரின் வாழ்விலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன. முதலாவது, மலை மக்களின் பிள்ளைகளை அணைத்த அத்தாய், தம் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கடல் கடந்து விட்டுப் பிரிந்திருந்தார். அக்கால மிஷனரிக் குடும்பங்களின் பொது வழக்கம் அது. ஆயினும் அதன் வேதனையை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. இரண்டாவது, ஆட்சி செய்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் வசதியைத் துறப்பது அவருடைய விருப்பம். துறக்க ஒன்றுமே இல்லாத மலைப் பெண்ணுக்கு வறுமை விருப்பமன்று, அது சுமத்தப்பட்டது. எளிமையைப் புகழும் நாம் வறுமையைப் புகழ்ந்துவிடக் கூடாது. ஏழைப் பெண்ணுக்கு நல்ல கிணறும் பள்ளியும் கூலியும் சொத்துரிமையும் வேண்டும்.

மூன்றாவது கேள்வி நம்மைச் சார்ந்தது. இவ்வரலாற்றில் ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பெயரை நாம் அறிவோம். அவரோடு நடந்து சுமை தூக்கியவர்கள், அவருடைய ஆதரவற்ற குழந்தைகளைக் குளிப்பாட்டி உணவூட்டியவர்கள், நோயுற்றபோது அவரைத் தாங்கிப் பிடித்தவர்கள் ஆகிய தமிழ்ப் பெண்களின் பெயர்கள் நூல்களில் அரிதாகவே இடம் பெறுகின்றன. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு மூதாட்டி மலையில் தனியே வாழ இயலாது. அவர் அன்பு செலுத்தினார் என்பது பாதி வரலாறு. அவரை மலைப் பெண்கள் தங்களுள் ஒருத்தியாக வாழவைத்தனர் என்பது மறுபாதி. இம்மறுபாதியை எழுதும் கடமை நம் இறையியல் மாணவர்களுடையது. சபைப் பதிவேடுகளும் முதியோரின் நினைவுகளும் அழியுமுன் அதனைச் செய்தல் வேண்டும்.

இக்குறைகளைக் கருத்தில் கொண்ட பின்னும் ஒன்று நிலைத்து நிற்கிறது. பிராண்ட் அம்மையாரின் பணி பொருள்களை வழங்குவதில் தொடங்கி, கூட இருப்பதில் முதிர்ந்தது. நிறுவனமும் நிதியும் அவரிடமிருந்து நீங்கிய பின்னரே அவ்வுறவு முழுமையுற்றது.

6. சமவெளிக்கு இறங்கும்போது

இன்று நாம் எங்கு நிற்கிறோம்? 1989இல் தருமபுரியில் தொடங்கி விரைவில் சேலத்துக்கும் விரிந்த மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாகச் சுய உதவிக் குழுக்கள் தோன்றின. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஓரிடத்தில் அமர்ந்து சேமித்தனர், கணக்கு எழுதினர், வங்கிக்குச் சென்றனர், குடிப்பழக்கத்தையும் அடிதடியையும் பற்றி ஊரறியப் பேசினர். அக்கூட்டத்தின் உண்மையான பயன் பணத்தைவிட அப்பேச்சிலேயே இருந்தது என்று அவற்றில் பங்கேற்ற பலர் கூறக் கேட்டிருக்கிறோம். காலப்போக்கில் நுண்கடன் நிறுவனங்கள் அதே வட்டத்துக்குள் புகுந்தன. தோழி தோழிக்கு ஜாமீன் என்னும் ஏற்பாட்டில், தவணை தவறியவளின் வாசலில் அவளுடைய தோழியரே நிற்க வேண்டிய நிலை உண்டாயிற்று. உறவே பிணைப்பொருளாக அடகு வைக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு, நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடமிருந்து சிறுநீரகங்கள் விலைக்கு வாங்கப்பட்ட செய்தி வெளியாகி, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. மனித உடலே சரக்காகும் எல்லைக்கு நம் சமவெளி வந்துவிட்டது.

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். கடன் கொடுத்தவன் அவளுடைய பிள்ளைகளை அடிமைகளாக்க வந்து நிற்கிறான். எலிசா அவளுக்குப் பணம் கொடுக்கவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அண்டை வீடுகளில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்கிறான். அண்டை வீட்டார் கொடுத்த வெறும் பாத்திரங்களின் அளவுக்கே எண்ணெய் நிறைந்தது. பாத்திரம் தீர்ந்தவுடன் எண்ணெயும் நின்றது. கடன்பட்ட பெண்ணின் விடுதலைக்கு எல்லை வகுத்தது அயலாருடைய உறவின் அளவே என்று இப்பகுதியை நாம் வாசிக்கலாம்.

ஆகவே நம் போதகர்களுக்குச் சில வினாக்களை முன்வைத்து இக்கட்டுரையை முடிக்கின்றோம். ஒருவனுடைய வாழ்வு அவனுடைய மிகுதியான உடைமையில் அடங்கியதன்று என்று ஆண்டவர் லூக்கா 12ஆம் அதிகாரத்தில் எச்சரித்ததை அறுப்பின் பண்டிகையில் பிரசங்கிக்கும் நாம், அடுத்த வாரம் வரதட்சணை பேசி முடிக்கப்பட்ட திருமணத்தை அதே பீடத்தின் முன் ஆசீர்வதிக்கும்போது என்ன எண்ணுகிறோம்? மூன்று முறை அறிக்கை வாசிக்கும் நாம், பெண்ணின் தந்தை எவ்வளவு கடன்பட்டார் என்று ஒரு முறையேனும் விசாரித்திருக்கிறோமா? பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு நாம் ஜெபிக்கச் செல்லும்போது நம் முகத்தில் முதலில் தோன்றுவது மகிழ்ச்சியா, ஆறுதல் கூறும் பாவனையா? பெண்கள் ஐக்கியத்தை நாம் விற்பனை விழாவுக்குப் பலகாரம் செய்யும் குழுவாக மட்டும் வைத்திருக்கிறோமா, தங்கள் துயரத்தை அச்சமின்றிப் பேசும் இடமாகவும் ஆக்கியிருக்கிறோமா?

நம்முடைய வட்டாரத்தில் மலையும் ஆறும் உண்டு. மலையில் ஒரு பூசாரியின் மகள் வேண்டப்பட்ட பிள்ளையாய் வளர்ந்தாள். ஆற்றங்கரையில் எண்ணற்ற மகள்கள் வேண்டப்படாதவர்களாய் மறைந்தார்கள். அடுத்த முறை ஆடிப் பெருக்கில் ஜேடர்பாளையத்து மதகினருகே நிற்கும் பெண்களைக் காணும்போது, அவர்களோடு நிற்பதற்கு நம்மிடம் நேரம் உண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.